அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த அனுபவம்

ஜூலை 3, புதன்

இன்று காலை ஐந்தரை மணிக்கு அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது பால் பொங்கி வழிந்தது. ஓடி வந்து அடுப்பை அணைத்தது நான்தான். அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "பொங்கிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவுக்கு நான்கு வருடமாக ரத்த அழுத்தம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வெள்ளை மாத்திரை. அம்மா ஒரு தொடக்கப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். நூற்று நாற்பது பிள்ளைகள். வீட்டுக்கு வரும்போது முகம் அடுப்பில் வாட்டிய மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு எங்களுக்குச் சமைப்பாள்.

போன மாதம் தெருமுனைத் தையல் கடை காஞ்சனா அத்தை அம்மாவைத் தியான மன்றத்துக்கு அழைத்துப் போனார். (சொந்தம் இல்லை. கூப்பிட்டுப் பழகிவிட்டது.) சேந்தமங்கலம் சாலையில் சிமெண்டுக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் தினமும் இருபது நிமிடம் உட்கார்கிறாள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். சாமி கும்பிடாதவர். "கண்ண மூடுனா பிரசர் எறங்கும்னா, நான் நாளெல்லாம் வெல்டிங் கண்ணாடிக்குள்ள இருட்டுலதான் இருக்கறேன். எனக்கு என்ன எறங்குச்சு?" என்றார்.

"உங்களுக்கு வாய் எறங்கோணும். அதுக்குத் தவம் பத்தாதுங்க" என்றாள் அம்மா.

நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய்கிறேன் என்றதும் உயிரியல் டீச்சர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை மூன்று வாரத்துக்கு இரவல் கொடுத்தார்.

ஜூலை 5, வெள்ளி

முறை: தியானத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. இடது கை. பேசக் கூடாது.

அம்மா பேசினாள். "இறுக்குது கண்ணு, இறுக்குது" என்றாள். மறுபடி எடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஐந்து நாள் கணக்கு. முன்பு 150 சுற்றி. பின்பு 138 சுற்றி. ஒரு நாள்கூட ஏறவில்லை.

நம்ப ஆசையாக இருக்கிறது. ஆசையாக இருப்பதால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

மன்றத்துக்கு நானும் போனேன். நீளமான கூடம், நீலப் பாய்கள், முப்பது பேர் இருப்பார்கள். நடத்துபவர் குழந்தைவேலு ஐயா, கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மெல்லிய குரல். கூடத்துக்குள்ளும் கால் உறை போட்டிருக்கிறார்.

கண்ணை மூடினேன். முதலில் கீழே சிமெண்டு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். பிறகு மின்விசிறி. பிறகு திங்கட்கிழமை வேதியியல் தேர்வு. எனக்கு அமைதி வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் புருவத்துக்கு நடுவில் எப்போதும் இருக்கும் மடிப்பு அப்போது இல்லை.

கடைசி அரை மணி நேரம் 'அனுபவம்'. ஒவ்வொரு வாரமும் சிலர் மைக் முன்னால் போய்த் தங்களுக்கு என்ன குணமாயிற்று என்று எழுதி வைத்து வாசிப்பார்கள். கேள்வி கேட்கக் கூடாது. முடித்ததும் எல்லோரும் மூன்று முறை கை தட்ட வேண்டும். இன்று ஆறு பேர் வாசித்தார்கள். முழங்கால் வலி, அல்சர், ஒற்றைத் தலைவலி. ஐந்து பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி முடித்தார்கள்: இப்போது மாத்திரை இல்லை.

ஒன்றை நியாயமாக எழுதி வைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி மன்றத்தில் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இன்று ஒரு சோதனை. தியானம் எதுவும் வேண்டாம், நாற்காலியில் கண்ணை மூடி இருபது நிமிடம் சும்மா இரு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா குறட்டை விட்டாள். முன்பு 152, பின்பு 139.

ஆக, சும்மா உட்கார்ந்தாலும் அதே அளவு இறங்குகிறது. இறக்குவது தியானம் அல்ல, ஓய்வு. சரியான விடை கிடைத்த மாதிரி மகிழ்ச்சியாக இருந்தது. அம்மாவிடம் நோட்டைக் காட்டி விளக்கினேன்.

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "சும்மா உக்காந்தாப் போதும்ங்கறயா?"

"ஆமா."

"சும்மா உக்காந்தா நீயோ உங்கப்பனோ கூப்புடுவீங்க. கண்ண மூடிச் சம்மணம் போட்டு உக்காந்தாத்தான் கூப்புட மாட்டீங்க."

இதை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூலை 24, புதன்

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஜூலை 26, வெள்ளி

வரும் ஞாயிறு அம்மா அனுபவம் சொல்ல வேண்டும் என்று குழந்தைவேலு ஐயா கேட்டிருக்கிறார். அம்மா எட்டாவதோடு நின்றவள். மைக்கைப் பிடித்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெரியவில்லை. "நீ எழுதிக் குடு கண்ணு. நான் பாத்துப் படிச்சுக்கறேன்" என்றாள்.

கட்டுரைப் போட்டியில் இரண்டு வருடம் முதல் பரிசு வாங்கியவள் நான். இது ஒன்றும் பெரிதில்லை.

ஜூலை 27, சனி

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "தூக்கம் வருது. யாரு மேலயும் சள்ளுசள்ளுனு விழறதில்ல. தலவலி கொஞ்சம் கம்மி. அவ்வளவுதான். சாஸ்தி எழுதாத."

அது நான்கு வரி. நான்கு வரியை மைக்கில் வாசித்தால் நன்றாகவா இருக்கும்? நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சத்துணவு அடுப்பின் வெக்கையில் தொடங்கி, நூற்று நாற்பது தட்டுகளைச் சொல்லி, பிறகு மூச்சைப் பற்றிச் சொல்லி. முடிவு மட்டும் வரவில்லை. மூன்று தடவை அடித்தேன். கடைசியில் இப்படி வந்தது:

'நான்கு வருடம் என்னுடன் இருந்த மாத்திரைக்கு விடை கொடுத்துவிட்டேன். இன்று என் மூச்சே எனக்கு மருந்து.'

படித்தபோது எனக்கே சிலிர்த்தது. அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள் என்பது தெரியும். ஆனால் உரைக்கு ஒரு முடிவு வேண்டும். எல்லோரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். இப்படியே போனால் சீக்கிரமே நிறுத்திவிடவும் செய்யலாம்.

அம்மா தூங்கிவிட்டாள். நல்ல தாளில் பிரதி எடுத்து அவள் பர்ஸில் மடித்து வைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா நன்றாக வாசித்தாள். முதலில் குரல் நடுங்கியது. தட்டு எண்ணிக்கை வந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கடைசி வரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். தாளுக்கு மேல் என்னைத் தேடினாள். அந்த இடத்தில் என் கையெழுத்து நெருக்கமாக இருந்திருக்கும். நான் தலையாட்டினேன். வாசித்துவிட்டாள்.

கைதட்டல் மூன்றோடு நிற்கவில்லை. காஞ்சனா அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா எழுந்து நின்றே தட்டினார்.

பஸ்ஸில் அம்மா தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். இறங்கி நடக்கும்போது, "அத்தன பேரும் எனக்கா தட்டுனாங்க?" என்று கேட்டாள்.

"உனக்குத்தாம்மா."

ஜூலை 30, செவ்வாய்

அப்பாவுக்கு டீக்கடையில் விஷயம் தெரிந்திருக்கிறது. சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். "ஏம்புள்ள, மாத்திரைக்கு டாட்டா காட்டிட்டயாமே. ஊரே பேசுது. எத்தன நாளைக்குன்னு நானும் பாக்கறேன்."

"பாருங்க" என்றாள் அம்மா.

அந்த வரி நான் எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். சொன்னால் இன்னும் ஒரு மாதத்துக்கு அம்மாவைக் கிண்டல் செய்வார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வேதியியலில் 61. துணி மடித்தேன். தண்ணீர் வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

அம்மா இப்போது காலையும் மாலையும் உட்கார்கிறாள். நாற்பது நிமிடம். மாலையில் நான்தான் சோறு வடிக்கிறேன். இன்று அம்மா எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால் மரத்துப்போனதாம். அவ்வளவு நேரம் சம்மணம் போட்டால் யாருக்கும் மரத்துத்தான் போகும்.

காதுக்குள் ஏதோ இரைகிறது என்று சொன்னாள். "மில்லு ஓடற மாதிரி." ஆழ்ந்து போனால் அப்படிக் கேட்கும் என்று மன்றத்தில் யாரோ சொன்னார்களாம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மருந்து கொண்டுவரும் சுகாதார அக்கா அடுத்த மாத்திரை அட்டைகளைத் தந்துவிட்டுப் போனார். டப்பாவில் வைக்கப் போனால் பழைய அட்டைகளே பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. போன முறை கூடுதலாகக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். அம்மாவிடம் கேட்க நினைத்தேன். அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் கூப்பிடக் கூடாது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கேட்க மறந்துவிட்டது. இயற்பியல் செய்முறை நோட்டு முடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மூன்றாம் பிரிவேளையில் அலுவலகத்தில் இருந்து ஆள் வந்தது. அப்பா வாசலில் வண்டியோடு நின்றார்.

அம்மா சோறு வடிக்கும்போது இடது கை சட்டென்று செத்துப்போன மாதிரி விட்டுவிட்டதாம். அண்டா சாய்ந்து கொதிக்கிற கஞ்சி முழுதும் தரையில் ஓடியிருக்கிறது. அம்மாவின் வலது காலில் பாதம் வெந்துவிட்டது. தட்டோடு வரிசையில் நின்ற முதல் பிள்ளைக்கும் கஞ்சிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது என்று உடன் வேலை செய்யும் ஆயா சொன்னார். விழுந்த பிறகும் அம்மா, "புள்ளைங்களத் தள்ளி நிறுத்துங்க" என்றுதான் சொன்னாளாம். வாய் கோணிப் போனதால் யாருக்கும் புரியவில்லை.

மருத்துவமனையில் பார்த்தபோது 210 / 124.

அந்த எண்ணைப் பார்த்ததும் அது என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லாத எண் என்று தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

கை திரும்பிவிட்டது. வாயும் நேராகிவிட்டது. டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசாதவர். "இது எச்சரிக்கை. அடுத்தது எச்சரிக்கையா இருக்காது. மாத்திரை எப்ப நிறுத்துனீங்க?"

அம்மா கூரையைப் பார்த்தபடி, "இருவத்தி நாலு நாளாச்சுங்க" என்றாள்.

நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. அது ஜூலை 28.

"ஏன் நிறுத்துனீங்க?"

"தியானம் பண்றனுங்க."

"பண்ணுங்க. யாரு வேண்டாம்னா? நல்லதுதான். மாத்திரைய முழுங்கிட்டுப் பண்ணுங்க." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொறி பட்டு ஓட்டை விழுந்த பட்டறைச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. "நான் வேற வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். டீ வாங்கி வருகிறேன் என்று போனவர் ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினார். கையில் டீ இல்லை.

அவர் இல்லாதபோது அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா நிறுத்துன? அது நான் சும்மா எழுதுனது."

"நீ எழுதுனே. வாசிச்சது நாந்தான?"

"வாசிக்கும்போதே விட்டுருக்கலாம்ல."

"விடலாம்னுதான் நின்னேன். நீ தலையாட்டுனே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அத்தன பேத்துக்கு முன்னால சொல்லிப்போட்டு, வூட்டுக்கு வந்து ஒளிச்சு வெச்சு முழுங்கறது என்ன பொழப்பு கண்ணு? அன்னிக்கு ராத்திரி மாத்திரையக் கைல எடுத்தேன். திருடுன மாதிரி இருந்துச்சு. சரி, சொன்னதை மெய்யாக்கிப் போடலாம்னு பாத்தேன்."

ஜூலை 28 அன்று எழுதியதை இப்போது எடுத்துப் படித்தேன். கையெழுத்து நெருக்கமாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன். நெருக்கமாக இல்லை. நல்ல தாளில், கோடு போட்டு, இடம் விட்டு எழுதினேன். அம்மா எதற்காக நின்றாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆகஸ்ட் 13 அன்று கேட்காமல் விட்டதும் பதில் தெரியும் என்பதால்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். காலுக்குக் கட்டு. ஒரு மாதம் அடுப்புப் பக்கம் போகக் கூடாது. அப்பா ரசம் வைத்தார். ரசம் மாதிரி இல்லை. யாரும் சொல்லவில்லை.

மாலையில் அம்மா உட்கார வேண்டும் என்றாள். காலை மடக்க முடியாததால் நாற்காலியில். அப்பா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து, விழுங்கும் வரை நின்று, பிறகு டிவியை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். இருபது நிமிடம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மன்றத்துக்கு நான் மட்டும் போனேன். அனுபவம் சொல்ல வேண்டும் என்றேன். குழந்தைவேலு ஐயாவிடம் முதலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முழுதும் கேட்டார்.

"வீட்டுக்கு வந்து அம்மாவப் பாக்கறேன் கண்ணு. ஆனா இத மைக்குல சொல்லோணுமா? புதுசா வர்றவங்க பயந்துக்குவாங்க. நம்ம நல்லதத்தான சொல்லித் தர்றோம்."

"ஐயா, நீங்க மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களா?"

அவர் தன் கால் உறையைப் பார்த்தார். "சக்கரைக்கு ஊசி போட்டுக்கறேன். எட்டு வருசமா."

"ஒரு நாள்கூட இங்க சொல்லலீங்களே."

"யாரும் கேக்கல" என்றார். பிறகு, "ரெண்டு நிமிசம் எடுத்துக்க" என்றார்.

இந்த முறை தாள் எடுத்துப் போகவில்லை. அன்று இங்கே வாசிக்கும் வரை என் அம்மா ஒரு நாளும் மாத்திரையை நிறுத்தியிருக்கவில்லை, அந்த வரி நான் அழகுக்காகச் சேர்த்தது, அதை வாசித்ததால்தான் நிறுத்தினாள், பக்கவாதம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள், யாரும் நிறுத்தாதீர்கள் என்றேன். பழக்கத்தில் ஒருவர் கை தட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். ஐயா எழுந்து தான் ஊசி போட்டுக்கொள்வதைச் சொன்னார். அவர் குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

படியிறங்கும்போது காஞ்சனா அத்தை என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை.

"அது நீ எழுதுனதா?"

"ஆமாங்கத்த."

"உங்கம்மா படிச்சதக் கேட்டு நானும் அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். நாலு வாரமாச்சு." செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். கட்டை விரலுக்குக் கீழே ஒரு புண். "உங்கம்மா வசந்தாமணிக்கே முடியுது, நமக்கு முடியாதான்னு நெனச்சேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு கண்ணு, கேக்க."

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. காலை ஏழு மணிக்கே அத்தையோடு மருத்துவமனை. சர்க்கரை 386. புண் ஆழமாக இருக்கிறது என்று உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். விரலை எடுக்க வேண்டி வருமா என்பது வெள்ளிக்கிழமை தெரியும்.

அத்தையின் கடையைப் பூட்டி, தைக்கக் கொடுத்தவர்களின் துணிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விரல் தப்பியது. அத்தை அழுதார். நான் அழவில்லை. எனக்குத் தூக்கமாக வந்தது.

ஜூலை 28 அன்று வந்து, போன ஞாயிறு வராதவர்கள் யார் என்று ஐயாவிடம் கேட்டேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். பதினோரு பேர், முகவரியோடு. ஐந்து பேருக்கு அவர் போய்ச் சொல்கிறாராம். ஆறு பேர் எனக்கு.

ஆகஸ்ட் 31, சனி

மூன்று வீடு முடித்தேன். வெயில். சைக்கிளில் இரண்டு முறை செயின் கழன்றது.

முதல் வீட்டில் ஒரு பாட்டியம்மா. அவர் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை, மகள் அழைத்ததால் அன்று வந்தாராம். மோர் கொடுத்தார்.

இரண்டாவது வீட்டில் லாரி புக்கிங் ஆபீஸ்காரர். இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வாரமாகப் பாதியாகக் குறைத்திருக்கிறார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கம்மா நம்பிக்கை இல்லாமப் பண்ணியிருப்பாங்க பாப்பா. அதான் கேட்டிருக்காது" என்றார்.

"அது நான் எழுதுன பொய்யிங்க" என்றேன்.

"நீ சின்னப் புள்ள. உனக்கு என்ன தெரியும்? அன்னிக்கு அவங்க நின்னாங்க பாரு, அந்த வரிக்கு முன்னால. தொண்டை அடைச்சுப் போச்சு அவங்களுக்கு. பொய் சொல்றவங்களுக்கு அப்புடி அடைக்காது."

மூன்றாவது வீட்டில் இருந்த அக்காவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நான் நன்றாக எழுதியிருந்தேன். அதற்கு எதிராக எதையும் என்னால் அவ்வளவு நன்றாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. நாளைக்கு அவர்கள் கேட்கிற மாதிரி ஒரு பக்கம் சரியாக எழுதிப் பார்க்கிறேன், டாக்டர் சொன்னதையும் சேர்த்து, என்று நோட்டை எடுத்தேன்.

அம்மா கட்டுப் போட்ட காலை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள்.

"நோட்ட வெய்யி கண்ணு. உங்கப்பன் வண்டியில நாளைக்கு நானும் வர்றேன். எழுதித் தர வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."